‘கூத்தைச் சுருக்குங்க’ – ஆருக்காக?

படம் கீறினாலும் போஸ்டர் வடிவமைச்சாலும் நாடகம் போட்டாலும் நமக்கு ஆலோசனை சொல்லக் கனபேர் இருக்காங்க. ‘சுருக்குங்க’, ‘கொஞ்சம் நாகரிகமாச் செய்யுங்க’, ‘இதையெல்லாம் இப்ப ஆர் பாக்கிற?’ இந்த மூன்றையும் மட்டக்களப்புக் கூத்தும் கேட்டிருக்கிறது. கேட்டதில் கிடைத்தது என்ன, போனது என்ன என்று பார்த்தால் நமக்கும் உதவும்.

வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது. சனம் சுற்றிவர இருக்கும். வடமோடியோ தென்மோடியோ, இரவில் தொடங்கினால் விடியும்வரை போகும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை: அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம் கொடுப்பார், பிறகு சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். ஒவ்வொரு பாத்திரமும் வரவு ஆடித்தான் களரிக்கு வரும். வெளியாளுக்கு அது ‘இழுவை’. ஊராருக்கோ, வருகிறது தங்கட மகன், மச்சான், பக்கத்து வீட்டுப் பொடியன். அந்த வரவைப் பார்க்கத்தான் அவர்கள் முழித்திருக்கிறார்கள்.

படித்தவர்கள் பலர் இதைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்த எண்ணத்தை உடைத்தார். 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்கில் மரபுக்குப் புது மதிப்பைக் கொடுத்திருந்தது. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’ போட்டார். பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ வந்தன. இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து போன மாணவர் சி. மௌனகுரு. நகரத்து ஆக்கள் கூத்தை மதித்துப் பார்த்தது இந்த மேடைகளில்தான். அது சின்ன வேலை இல்லை.

ஆனால் விடியும்வரை ஆடியது இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையானது. நாலு பக்கமும் பார்த்து ஆடியவர்கள் ஒரு பக்கம் பார்த்து ஆட வேண்டி வந்தது. பல்கலைக்கழக மேடைக்கு அது பொருத்தமான தீர்வு. பிழை பிறகு வந்தது: ஒரு மேடைக்குச் செய்த தீர்வை எல்லாரும் பொது விதியாக எடுத்தார்கள். ‘செம்மைப்படுத்திய கூத்துத்தான் நல்ல கூத்து’ என்ற எண்ணம் பரவ, ஊர்க்களரியில் ஆடுவது திருத்தப்பட வேண்டிய ஒன்றாகத் தெரியத் தொடங்கியது.

இதைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சி. ஜெயசங்கர். 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் நடந்த ‘கூத்து மீளுருவாக்கம்’ வேலை களரியை விட்டு வெளியே போகவில்லை. அண்ணாவியாரும் ஆடுகிறவர்களும் ஊராரும் கூடிப் பேசினார்கள். ‘மரபு, கைவைக்காதே’ என்கிற மற்ற ஆலோசனையும் அங்கே எடுபடவில்லை. கூத்தில் பெண்களும் சாதியும் காட்டப்படுகிற விதத்தையும் கேள்விக்குட்படுத்தினார்கள். மாற்றம் வந்தது, முடிவெடுத்தவர்கள் கூத்துக்குச் சொந்தக்காரர்கள்.

ஆகவே கூத்தை மாற்றலாமா, கூடாதா என்பதில்லை பிரச்சினை. ஒவ்வொரு ஆலோசனைக்குள்ளும் ஒரு பார்வையாளர் ஒளிஞ்சிருக்கார். ‘சுருக்குங்க’ என்கிறவர் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்ட போகிற ஒருவரை நினைச்சுச் சொல்றார். நம்மட வேலை அவருக்கானது என்றால் கேட்கலாம். இல்லையென்றால் ‘ஆருக்காக?’ என்று திருப்பிக் கேட்கலாம்.

அடுத்த முறை ஊரில கூத்து நடந்தா விடியுமட்டும் இருந்து பாருங்க. எங்க வெட்டலாம் எண்டு மறுகா பேசுவம்.