சாமியே பனியில் சுற்றும் மலை

பௌர்ணமி இரவில் எங்கள் ஊர் வழியாகப் போகும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "காலங்காலமா இப்படித்தான் இருந்திருக்கும் போல" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அது சரியில்லை. நான் அடி அண்ணாமலைக்காரன். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலை மலையை வலம் வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பௌர்ணமிக்கு அந்தக் காலத்திலும் ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் அதை லட்சக்கணக்கில் பெருக்கியது என் தலைமுறை. இந்த மலையைச் சுற்றப் பழையவர்கள் கண்ட பருவம் பனிக்காலம்: கார்த்திகையில் தொடங்கித் தை வரை.

இதற்குச் சாமியைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவேன். அண்ணாமலையார் மலை சுற்ற வெளியே வருவது ஆண்டுக்கு இரண்டே தடவை. ஒன்று, கார்த்திகை தீபம் ஏற்றியபின் வரும் நாள்களில். இன்னொன்று, தை மாதம் திருவூடல் முடிந்து மறுநாள். இரண்டும் குளிர்காலம். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் நெரிகிறது, சாமி வருவதில்லை.

திருவூடலை வெளியூர்க்காரர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். மாட்டுப் பொங்கல் அன்று மாடவீதிகளைச் சுற்றிவிட்டுச் சாமியும் அம்மனும் திருவூடல் தெருவுக்கு வருவார்கள். பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்கப் போகிறேன் என்கிறார் சாமி. என்னை வணங்காமல் உங்களை மட்டுமே வணங்குகிறவனுக்கு எதற்குக் காட்சி என்கிறாள் உண்ணாமுலை. சுந்தரர் தூது போகிறார், பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, விடிந்ததும் தனியே மலைவலம் புறப்படுவார். அவர் எங்கள் ஊருக்குள் வரும்போது வாசலெல்லாம் கோலம், தட்டில் தேங்காய், கற்பூரம். முதல் நாள் குளிப்பாட்டிய மாடுகளின் கொம்பில் சாயம் இன்னும் காய்ந்திருக்காது. மனைவியிடம் கோபித்துக்கொண்டு கிளம்பியவர் என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது, அலங்காரம் அப்படி. சாயங்காலம் கோயிலுக்குத் திரும்பியபின் மறுவூடல், சமாதானம். வீட்டுச் சண்டையை ஆற்றிக்கொள்ளப் பதினான்கு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டவன் குடும்பஸ்தனாகத்தான் இருக்க வேண்டும்.

பாதையின் சட்டத்தைச் சொல்லும் கதை ஒன்று சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் இருக்கிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி வேட்டைக்கு வருகிறான். ஒரு புனுகுப்பூனையைக் கண்டு துரத்துகிறான். பூனை மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓட, குதிரை பின்னாலேயே ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் பூனையும் குதிரையும் விழுந்து உயிரை விட்டு, சாபம் தீர்ந்த வித்தியாதரர்களாக எழுந்து நிற்கின்றன. ராஜா மட்டும் தரையில் கிடக்கிறான். அவையிரண்டும் காலால் சுற்றின. நீ சவாரி செய்தாய், அதனால் உனக்குப் பலன் இல்லை என்று அவனுக்கே விளக்கம் சொல்லப்படுகிறது. பிறகு அவன் நாட்டைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு இங்கேயே தங்கி, நடந்தே சுற்றிக் கடைத்தேறுகிறான். ஆட்டோவில் சுற்ற வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு ஏறிக்கொள்கிறார்கள்.

மார்கழிக்கு வருவோம். எங்கள் ஊரில் ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கிறது. மலைக்கு மேற்கே, பெரிய கோயிலுக்கு நேர் பின்புறம். வலம் வருகிறவர்களுக்குப் பாதி வழியைச் சற்றே தாண்டிய இடம். வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில். பெரிய கோயிலுக்கும் முந்தியது இதுதான், பிரம்மாவே கட்டியது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். கல்வெட்டை வைத்துப் பேசினால் அவ்வளவு தூரம் போக முடியாது. நான் ஊர்க்காரன், தலையாட்டிவிட்டுப் போவேன். ஆனால் மாணிக்கவாசகர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. திருவெம்பாவையின் இருபது பாட்டையும் அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது சைவ மரபு; எங்கள் ஊரில் அவருக்குக் கோயிலே உண்டு. விடியற்காலையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் பாட்டு அது. தூங்குமூஞ்சித் தோழியை வாசலில் நின்று கேலி செய்கிறார்கள், உள்ளிருந்து அவள் பதில் சொல்கிறாள், மறுபடி கேலி. அரையாண்டு விடுமுறையில் ஐந்து மணிப் பயிற்சிக்குப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் எழுப்பிய எனக்கு, அதில் ஒரு வரிகூட கற்பனையாகத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டு கடல் தாண்டியும் போயிருக்கிறது. பாங்காக்கில், தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் விழாவுக்குத் 'திரியம்பாவாய்' என்றே பெயர். வாட் சுதாட் கோயிலின் முன் சிவப்பாக ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. 1784-இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் நிறுவியது. அதில் ஆட்கள் உயர உயர ஆடுவது அந்த விழாவின் பகுதியாக இருந்தது. 1935-க்குப் பிறகு ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மந்திரமும் பூசையும் இன்றும் நடக்கின்றன. மார்கழி மாதம் இங்கே ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் தூக்கம் கெடுகிறது என்று சிலர் சலித்துக்கொள்ளும்போது எனக்குப் பாங்காக்தான் ஞாபகம் வரும்.

சரி, பழையவர்கள் எந்த வேகத்தில் நடந்தார்கள்? பி.டி. வாத்தியாருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கே வந்தார். மலைமேல் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்துவிட்டு, 1922-இல் கீழே வந்து தங்கினார். 1926 வரை மலைவலம் போய்க்கொண்டிருந்தார். அவரோடு போனவர்களின் நினைவுக்குறிப்புகளைப் படித்தால், இன்று கைக்கடிகாரத்தில் அடி எண்ணுகிறவர்கள் திகைத்துப்போவார்கள். சில சமயம் ஒரு சுற்றுக்கே இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கிறது. வழியில் மண்டபத்தில் தங்கல், சமையல், பாட்டு, பேச்சு, தூக்கம். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்பது அவர் வழியாகப் பரவிய பழைய இலக்கணம். கடைசியில் அவர் நிறுத்தியதற்குச் சொல்லப்படும் காரணமும் சுவாரசியமானது: அவர் கிளம்பினால் எல்லோரும் கூடவே கிளம்பிவிடுவார்கள், ஆசிரமத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் மிஞ்சமாட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் வலம் சாமியார்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். என் பாட்டி காலத்தில் குடும்பமாக வருகிறவர்கள் புளிசோற்று மூட்டையோடு வருவார்கள். அறுப்பு முடியும் தறுவாய், கடும் வெயில் கிடையாது, குளத்தில் தண்ணீர் இருக்கும். எங்கள் ஊரில் மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் புளியமரத்தடியில் கிடத்திவிட்டு, வெயில் தாழ்ந்தபின் குபேர லிங்கம் பக்கம் போவார்கள். அடி அண்ணாமலைக்கு அது ஒரு தொழில் மாதிரி: தண்ணீர் கொடுப்பது, பாய் கொடுப்பது, கதை கேட்பது.

போன மார்கழியில் இந்தக் கதையெல்லாம் கேட்க எனக்கு ஆள் கிடைத்தது. என் தம்பி குடும்பம் ஸ்வீடனில். அவன் மகள் அங்கே கல்லூரியில் படிக்கிறாள். ஸ்கீ கட்டிக்கொண்டு சமவெளியிலும் மேட்டிலும் நெடுந்தூரம் போகும் போட்டி அவளுக்குப் பைத்தியம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவள், பனி இல்லாத ஊரில் பயிற்சி கெட்டுவிடக் கூடாது என்று கைக்கு இரண்டு கோல் கொண்டுவந்திருந்தாள். மெல்லிசான கோல், முனையில் ரப்பர்க் குப்பி, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளப் பட்டை. அதை ஊன்றி உந்தி உந்தி நடப்பதும், மேட்டில் தாவி ஏறுவதும் கோடைகாலத்தில் ஸ்கீக்காரர்கள் செய்யும் பயிற்சியாம். விடியற்காலை இருட்டில் அவள் அப்படிப் போனபோது, சுக்குக் காபி விற்கும் அம்மா கவலையோடு என்னைக் கேட்டார்: "வாத்தியாரே, இந்த வயசுலயே பொண்ணுக்கு முட்டி போயிடுச்சா?"

அவளிடம் பாண்டியன் கதையைச் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டாள்: "பெரியப்பா, ஸ்கீ சவாரியில சேருமா, நடையில சேருமா?" எல்லப்ப நாவலர் அதற்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. காலால் உந்துவதால் நடைதான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

பதிலுக்கு அவள் சொன்னதையும் எழுத வேண்டும். அந்த நாட்டில் சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம் ஒன்று, 'வாசாலோப்பெட்' என்று பெயர். 1922-இல் தொடங்கியது; ரமணர் மலையிறங்கிய அதே ஆண்டு. அதுவும் ஒரு பழங்கதையின் தடம்தான். 1520-21 குளிர்காலத்தில், டென்மார்க் அரசனுக்குத் தப்பி ஓடிய குஸ்தாவ் வாசா, மூரா மக்களிடம் கலகம் செய்ய வாருங்கள் என்றார். அவர்கள் மறுத்தார்கள். அவர் நார்வே பக்கம் கிளம்பிப் போனபின் மனம் மாறி, ஸ்கீயில் இரண்டு பேரை அனுப்பித் திருப்பி அழைத்துவந்தார்களாம். 1523-இல் அவர் அரசரானார். வழிநெடுக நாவல் நிறத்தில் ஒரு சூடான பழக் கஞ்சி ஊற்றுவார்களாம். அன்னதானம்தான், பந்தல் மட்டும் வேறு. 1923-இல் மார்கிட் நூர்டின் என்ற பெண் அதில் ஓடி முடித்திருக்கிறார். அவரும் உடற்பயிற்சி ஆசிரியை! எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் மறு ஆண்டே பெண்கள் கூடாது என்று விதி போட்டார்கள். 1981-இல்தான் மறுபடி விட்டார்கள். மலைவலத்தில் எந்தக் காலத்திலும் பெண்ணை நிறுத்தியதாக நான் கேட்டதில்லை. பதினான்கு கிலோமீட்டர் பாதையைப் பெரும்பாலும் நிரப்பியதே பெண்கள்தான்.

ஸ்வீடனில் குளிரின் நடுவில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விளையாட்டு விடுமுறை உண்டு. அது தொடங்கியது 1940-இல், உலகப் போர்க்காலத்தில், வகுப்பறையைச் சூடாக்கும் எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக. பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாதென்று விளையாட விட்டார்கள். போர் முடிந்தது, விடுமுறை மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் அரையாண்டு விடுமுறையில் வகுப்பு வைக்காத பள்ளியைத் தேடவேண்டியிருக்கிறது. உடற்கல்விப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் நாடு இது. மேலே சொன்னால் வம்பு.

பாதை எப்போது இப்படி ஆனது? 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பௌர்ணமிக்குச் சிறப்புப் பேருந்து, தார்ச்சாலை, சோடியம் விளக்கு. விளக்கு வந்ததில் நடிகர் ரஜினிகாந்துக்குப் பங்கு உண்டு என்பது ஊரறிந்தது. சினிமாவும் பத்திரிகையும் கூட்டத்தைக் கொண்டுவந்தன. ராத்திரி வந்து, நாலைந்து மணி நேரத்தில் சுற்றி, விடியுமுன் பஸ் ஏறும் வழக்கம் அப்போது பிறந்தது. கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பல வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் தங்கிப் போன ஊர் தாண்டிப் போகும் ஊராகிவிட்டது. மண்டபங்கள் சில பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றின் முன் கடை.

2015-16 வாக்கில் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடுத்தது. அடிவாரக் காட்டுக்குள் போகும் உள்பாதையில் இப்போது வனத்துறை விடுவதில்லை. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையையும் நெய்யையும் சுமந்து ஏறியவர்கள் வழக்கம்போல் ஏறினார்கள். தீபம் ஏற்றும் உரிமை உடைய பர்வதராஜ குலத்தார் ஏற்றினார்கள்.

விடுமுறையில் பிள்ளைகளோடு வர நினைப்பவர்கள் என்னைக் கேட்டால், பௌர்ணமியை விட்டுவிட்டு மார்கழியில் ஒரு சாதாரண நாளைப் பாருங்கள் என்பேன். நாலரை மணிக்குக் கிளம்புங்கள். தார் குளிர்ந்திருக்கும், வெறுங்காலுக்கு இதமாக இருக்கும். ஆனாலும் கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து டார்ச் கொண்டுவாருங்கள். பையில் சோறு இருக்கட்டும். எங்கள் ஊர்க் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் வந்துவிடலாம். உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். உள்ளே கொஞ்ச நேரம் உட்காருங்கள், பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். யாரும் விரட்ட மாட்டார்கள். விரட்டினால் வாத்தியார் வீடு எது என்று தேரடியில் கேளுங்கள்.