பெயர் வேண்டி எழுந்த குரல்

1960 மே முதல் நாளில் பம்பாய் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. மராட்டிய மக்கள் தம் பெயர் தாங்கிய மாநிலத்தைப் பெற்றனர். அவர்களோடு அடுத்தடுத்து வாழ்ந்த நம்மவரோ 'மதராசி' என்றே அழைக்கப்பட்டனர். நம் தாயகமும் அன்று மதராஸ் ராஜ்யமே. அப்பெயரை மாற்றக் கோரி உண்ணாநோன்பிருந்த தியாகி சங்கரலிங்கனார் 1956-இல் உயிர் நீத்தார்.

அரசியற் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உரியது. மாநிலச் சட்டமன்றம் தன் கருத்தை உரைக்கலாம், அவ்வளவே. ஆதலின் கோரிக்கை தில்லி சென்றது. வங்கத்துப் பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா, 1963-இல் மாநிலங்களவையில் விவாதிக்கப்பெற்றது. 1962-இல் அவ்வவையின் உறுப்பினரான அறிஞர் அண்ணா அதனை ஆதரித்தார். பழந்தமிழ் நூல்களைச் சான்று காட்டினார். பெயர் மாற்றத்தால் பயன் என்னவென்று வினவியோர்க்கு, அவ்வவையே ராஜ்ய சபை எனவும் குடியரசுத் தலைவர் ராஷ்டிரபதி எனவும் வழங்கப்படுவதால் விளைந்த பயன் யாதென எதிர்வினா விடுத்தார். மசோதா தோற்றது, வாதம் தோற்கவில்லை.

1967 ஜூலை 18-இல், முதலமைச்சர் அண்ணாவின் முன்னிலையில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்னர் மறுத்த நாடாளுமன்றமே 1968-இல் சட்டம் இயற்றியது. 1969 பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபதே நாளில், பிப்ரவரி 3-இல், அண்ணா மறைந்தார்.

குர்லாவில் வளரும் நம் மக்கள், ஊர் எதுவென வினவுவார்க்கு 'தமிழ்நாடு' என்று விடை பகர்கின்றனர். அவ்விடை எளிதில் வந்ததன்று என்பதை அவர்கட்கு உணர்த்துவது நம் கடன்.