ஆண்டவன் ஆணையா? ஆதிச் சுழற்சியா?

ஞாயிற்றுக்கு வடக்கே வெகு உயரத்தில் நின்று கீழே நோக்குவதாக எண்ணிப் பாருங்கள், தோழர்களே! புதன் முதல் நெப்டியூன் வரை எட்டுக் கோள்களும் இடஞ்சுழியாகவே ஓடக் காண்போம். ஞாயிறும் அதே திசையில்தான் தன்னைத்தானே சுற்றுகிறது. எட்டில் ஒன்றேனும் எதிர்த்திசை ஏகவில்லை. ஏன்? யார் இட்ட ஆணை?

ஈர்ப்பு விதியை ஈந்த நியூட்டனே இக்கேள்வியின் முன் நின்றுவிட்டார். ஆறு கோள்களும் பத்துத் துணைக்கோள்களும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தளத்தில் செல்வதைச் சுட்டி, இவ்வொழுங்கு இயற்கையின் இயக்கத்தால் மட்டும் எழுந்திராது, பேரறிவு படைத்த ஆண்டவனின் அமைப்பே என்று 1713 இல் வந்த தம் 'பிரின்சிபியா' இரண்டாம் பதிப்பில் எழுதினார். கோள் ஓடும் விதியைக் கண்டவர், அது ஓடத் தொடங்கிய கதைக்கு ஆண்டவனை அழைத்தார். அவரை நாம் பழிக்கவில்லை. ஆனால், மேதை நின்ற இடமே அறிவின் எல்லை என்று பின்வந்தோர் மண்டியிடவில்லை. அதுதான் மனிதகுலத்தின் பேறு!

1749 இல் பிரான்சு நாட்டுப் பூபோன், ஞாயிற்றின்மீது வால்மீன் மோதித் தெறித்த துண்டுகளே கோள்கள் என்றார். ஒரே அடி, ஆகவே ஒரே திசை! விடை தவறு, வினவிய துணிவு தவறன்று. 1755 இல், வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்த இளைஞர் காண்ட், பரந்து கிடந்த துகள்கள் திரண்டே ஞாயிறும் கோள்களும் தோன்றின என்று எழுதினார். நூலில் அவர் பெயரில்லை. பதிப்பாளரோ நொடித்துப் போனார். காண்ட் கடவுளை மறுத்தவர் அல்லர். ஆயினும் கோளைச் சுழற்றக் கடவுளின் கையைத் தேடவில்லை. 1796 இல் லாப்பிளாசு, சுழலும் ஆவிமுகில் சுருங்கிக் கோள்கள் பிறந்தன என்றார்.

சுருங்கினால் என்ன நேரும்? கைகளை விரித்துச் சுழல்பவன் அவற்றை மார்போடு சேர்த்தால் வேகம் கூடுகிறதன்றோ? முகிலும் அவ்வாறே. மேலும் கீழுமாக அலைந்த துகள்கள் மோதி மோதி அவ்வசைவை இழக்க, முகில் தட்டையாகித் தட்டாகிறது. நடுவில் ஞாயிறு, சுற்றிலும் கோள்கள். தட்டு சுழன்ற திசையே பிள்ளைகள் அனைவரின் திசை! ஆணை இல்லை, ஆதிச் சுழற்சியின் எச்சமே உண்டு.

ஆயினும் இக்கொள்கைக்கும் சோதனை வந்தது. பொருளில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஞாயிற்றிடம். சுழல் உந்தத்தின் பெரும்பகுதியோ கோள்களிடம்! இது எப்படி என்று கேட்டனர். லாப்பிளாசின் கொள்கை சாய்ந்தது. வேறொரு விண்மீன் அருகே வந்து ஞாயிற்றிலிருந்து இழுத்த பொருளே கோள்களாயிற்று என்றார் ஜீன்சு. அப்படிப் பிரிந்த வெப்ப ஆவி திரளாது, சிதறிவிடும் என்று 1939 இல் ஸ்பிட்சர் காட்டினார், அதுவும் சாய்ந்தது. ஞாயிறு தன் காந்தப் புலத்தாலும் வீசியெறியும் துகள்களாலும் சுழற்சியை இழந்தது என்பது விளங்கியபின், முகிற்கொள்கை திருத்தம் பெற்று மீண்டது. 2014 இல் சிலி நாட்டுப் பாலையிலுள்ள ஆல்மா தொலைநோக்கி, 450 ஒளியாண்டுத் தொலைவில், எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனைச் சூழ்ந்த தட்டையே படமெடுத்துத் தந்தது!

எதிர்ச்சான்று இல்லையா? உண்டு. தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராக ஓடும் வாஸ்ப்-17பி என்ற கோளை 2009 இல் அறிவித்தனர். வேறொரு கோளோ விண்மீனோ ஈர்த்து, அதன் பாதையைப் பிற்காலத்தில் புரட்டியிருக்கலாம் என்கின்றனர். கொள்கைக்கு இடர் என்று எவரும் அதை மறைக்கவில்லை. ஏட்டில் எழுதியவரே எதிர்ச்சான்றையும் தேடுவதுதான் அறிவியல். எழுதியதைத் தொழச் சொல்வதன்று.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே. 'ஏன்?' என்று எழும் சிறுவனை 'அவன் செயல்' என்று அமர்த்திவிடுவது எளிது. நியூட்டனின் விடையோடு அன்று அனைவரும் அமர்ந்திருந்தால், கோள்கள் பிறந்த கதையை இன்று நாம் அறிந்திருப்போமா? எழுந்த சிறுவனை அமர்த்தாதீர், பேசவிடுங்கள்!