மயிலை நேமிநாதமும் நகர்ந்துவந்த தமிழ் வரம்பும்

இலக்கணம் என்றதும் மதுரைச் சங்கமும் சோழநாட்டு மடங்களும் நினைவுக்கு வரும். சென்னையோ அச்சகமும் நாளிதழும் திரைப்படமும் வளர்ந்த ஊர். இலக்கணம் பிறந்த ஊர் என்று அதை யாரும் சொல்வதில்லை. ஆயினும் மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த தெய்வத்தின் பெயரைத் தாங்கிய இலக்கண நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதன் பெயர் நேமிநாதம்.

களந்தை என்னும் ஊரைச் சேர்ந்த குணவீர பண்டிதர் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இதை இயற்றினார். அவர் சமணர். தென்மயிலையில் கோயில் கொண்டிருந்த 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் பெயரையே நூலுக்குச் சூட்டினார். கடல் உட்புகுந்தபோது அத்திருமேனியைத் திண்டிவனம் பகுதியிலுள்ள மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்றார்கள் என்பது சமணரிடையே வழங்கும் செய்தி. கோயில் மறைந்தது, நூல் நின்றது.

நேமிநாதத்துக்குச் சின்னூல் என்றும் பெயர் உண்டு. தொல்காப்பியத்தின் எழுத்து, சொல் ஆகிய இரண்டு அதிகாரங்கள் 900-க்கும் மேற்பட்ட நூற்பாக்களில் விரித்த செய்தியை இது நூறு வெண்பாவுக்குள் அடக்கிவிடுகிறது. தொல்காப்பியம் முழுவதையும் நெட்டுருச் செய்ய இயலாத மாணாக்கர் பெருகிவிட்ட காலத்தின் தேவை அது. அதே தேவைக்குப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க, நன்னூலை எழுதினார். அதன் தெளிவுக்கு முன் சின்னூல் பின்தங்கியது. அந்த நன்னூலுக்கு நமக்குக் கிடைத்துள்ள உரைகளில் பழமையானதை எழுதியவரும் ஒரு சமணரே. அவர் பெயர் மயிலைநாதர்.

சுருக்குவது மட்டுமே இவர்கள் செய்த வேலை என்று கருதினால் தவறு. வழக்கு மாறியபோது வரம்பையும் நகர்த்தினார்கள். மூன்று சான்றுகள் போதும். தொல்காப்பியர் காலம் மூன்று என்கிறார். ஆனால் நிகழ்காலத்துக்கென்று தனி இடைநிலைகளை அவர் எடுத்துச் சொல்லவில்லை. நன்னூலார் ஆநின்று, கின்று, கிறு என மூன்றை வகுத்துக் காட்டுகிறார். இன்று ‘கிறு’ இல்லாமல் ஒரு பத்தி உரைநடைகூட எழுத முடியாது. இரண்டாவது, ‘கள்’ ஈறு. தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயருக்கு உரியது. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியமோ அர் என்பதோடு கள் சேர்ந்த வடிவத்தையும் ஏற்றுக்கொள்கிறது. அஃறிணையில் தொடங்கிய ஈறு இன்று ‘அவர்கள்’ என மரியாதைக்கே உரியதாகிவிட்டது. மூன்றாவது, சகரம். ச, சை, சௌ மூன்றும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய விதி. நன்னூல் அத்தடையை நீக்கியது. பழைய விதியே நிலைத்திருந்தால் சந்தைக்கும் சட்டத்துக்கும் சரிக்கும் தமிழில் இடம் ஏது? முன்னோர் நூலைப் பொன்போல் போற்றிய இவர்களே, மக்கள் நாவில் நிலைத்ததை விதியாக ஏற்கவும் தயங்கவில்லை.

இந்த ஓட்டம் அச்சுக் காலத்தில் இரண்டு வாய்க்கால்களாகப் பிரிந்தது. பிரிவின் தடம் முதலில் வீரமாமுனிவரிடம் தெரிகிறது. 1728-இல் அவர் கொடுந்தமிழுக்கு, அதாவது அன்றாட வழக்குக்கு, லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1738-இல் அது தரங்கம்பாடியில் அச்சாயிற்று. 1730-இல் தமிழிலேயே தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலைச் செய்தார். பேச்சுத் தமிழின் இலக்கணம் அயலார் கற்பதற்கு, செந்தமிழின் இலக்கணம் தமிழர் கற்பதற்கு என்ற பங்கீடு அப்போது விழுந்தது. ஏட்டில் வேறுபாடின்றி எழுதப்பட்டுவந்த எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்டும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் அவரே காரணர்.

1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் நிறுவப்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, தமிழறிஞர் வாக்கில் சென்னைக் கல்விச் சங்கம், இப்பங்கீட்டை நிலைநிறுத்தியது. கிழக்கிந்தியக் கும்பினிக்குப் புதிதாய் வந்த இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் பணி. தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்கே பணியாற்றினார்கள். நூற்பாவை விடுத்து, கேள்வியும் பதிலுமாக உரைநடையில் இலக்கணம் சொல்லும் இலக்கண வினாவிடை அவருடையது. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலைக்குப் பெயர் தந்தது அந்தக் கல்லூரிதான். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் கழகம் அதே சாலையில் இயங்குகிறது.

பின்னர் ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் பள்ளிக்கூட இலக்கணத்துக்கு இறுதி வடிவம் கொடுத்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை மழவை மகாலிங்கையர் அச்சேற்றினார், சி. வை. தாமோதரம் பிள்ளை 1868-இல் சொல்லதிகாரத்தையும் 1885-இல் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1918-இல் மயிலைநாதர் உரையை வெளியிட்டார். அவருடைய சுவடிகள் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. மூலநூல்கள் கைக்கு வந்ததும் இலக்கணம் வரலாறாகவும் படிக்கப்பட்டது. எந்த விதி எக்காலத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

20-ஆம் நூற்றாண்டில் வரம்பு வகுக்கும் வேலை தனிப் புலவரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது, சொற்கள் 1,04,405. 1926 முதல் அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. நூல்களில் கண்ட சொல்லோடு வழக்கில் கேட்ட சொல்லுக்கும் அதில் இடம் இருந்தது. மறுபுறம், பல்லாவரத்தில் மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், எந்தச் சொல் தமிழ் என்ற கேள்வியை வீதிக்குக் கொண்டுவந்தது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. பெரியார் 1935-இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகளின் புதிய வடிவங்களை 1978-இல் அரசு ஆணை ஏற்றது.

ஆணையின்றி உருவான வரம்பும் உண்டு. தியாகராய நகரின் பதிப்பகங்களில் ஒற்று மிகுமா, மிகாதா என்று பென்சிலால் குறித்துத் தந்த மெய்ப்புத் திருத்துநர்கள் அன்றாட உரைநடையின் காவலர்கள். அவர்கள் கையாண்ட பல வழக்கங்களுக்கு நன்னூலில் விதி கிடையாது. ஏட்டில் சொற்களுக்கு இடையே இடம் விடும் பழக்கமில்லை. ஆகவே ‘செய்துகொண்டிருந்தான்’ என்பதை எங்கே பிரிப்பது என்ற சிக்கல் பவணந்தியார் எதிரே எழவேயில்லை. காற்புள்ளியும் அப்படித்தான். கதைகளின் உரையாடலும் வானொலியும் திரைப்படமும் சேர்ந்து, ஊர்ச் சாயலும் சாதிச் சாயலும் குறைந்த பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்றையும் உருவாக்கிவிட்டன. அதை எல்லாரும் அறிவோம். எந்தப் பள்ளியிலும் அதற்கு இலக்கணம் சொல்லித் தருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பச் சென்னையிலிருந்து இரண்டு நல்ல முயற்சிகள் எழுந்தன. 1992-இல் க்ரியா ராமகிருஷ்ணன் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்திலிருந்து சொற்களைத் திரட்டி, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் தந்தது. பிந்தைய பதிப்புகளில் இலங்கை வழக்கும் சேர்ந்தது. 2001-இல் திருவான்மியூர் மொழி அறக்கட்டளை வெளியிட்ட தமிழ் நடைக் கையேடு, நிறுத்தக்குறியையும் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் முறையையும் வகைப்படுத்தியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் தரம் பெற்றது. ஆக, சொல்லுக்கும் நடைக்கும் எழுத்துக்கும் நம் காலத்து வரம்பு உண்டு. வாக்கிய அமைப்புக்குத்தான் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு இல்லை.

இன்றும் வகுப்பறையில் நன்னூலின் சட்டகமே நிற்கிறது. ஏறத்தாழ 800 ஆண்டு நின்றது அதன் பெருமை. அதற்கு அப்பால் நாம் செல்லாதது நம் குறை. குணவீர பண்டிதரும் பவணந்தியாரும் தொல்காப்பியத்தைப் போற்றிய முறை வேறு: அதைக் கற்று, தம் காலத்து வழக்கை ஆராய்ந்து, புதிதாக எழுதினார்கள். சேப்பாக்கத்துப் பல்கலைக்கழகமும் தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கூடி, இன்றைய உரைநடைக்கும் பொதுப் பேச்சுக்கும் ஓர் இலக்கணம் செய்ய வேண்டும். ஈழ வழக்கும் மலேசிய, சிங்கப்பூர் வழக்குகளும் அதில் இடம்பெற வேண்டும். சான்றுகளைத் திரட்டக் கணினி இருக்கிறது. ஆராயப் புலவர்கள் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் முடிக்கக்கூடிய பணி இது. இதைப் படிக்கும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் அதை இப்போதே தொடங்க வேண்டும்.