ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது நீரிழப்புதான். போன நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். குடல் வழியாகவே அப்படி ஈடுசெய்யலாம் என்பதற்கான அடிப்படை 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் குடல்சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது, அவற்றின் பின்னால் நீரும் போகிறது என்பதை ராபர்ட் கிரேன் விளக்கினார். 1968இல் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் டாக்காவில் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ஊசிவழி சலைனின் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். ஆனால் மருத்துவர் அளந்து, செவிலியர் கண்காணித்துக் கொடுக்கும் மருந்தாக இருந்தவரை அது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. அந்தக் கரைசல் தாயின் கைக்கு மாறிய பிறகுதான் குழந்தைகள் பெருமளவில் பிழைத்தார்கள். இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் அதுவே.

முதல் மாற்றத்தை நிகழ்த்தியது நெருக்கடி. 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ஊசிவழி சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலநபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கரைசல் தயாரித்து, அதைப் புகட்டும் பொறுப்பை உறவினர்களிடமே விட்டார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே இறப்பு விகிதம் 3.6 சதவீதமாக இறங்கியது. 1978இல் லான்செட் இதழ், இந்தச் சிகிச்சையின் அறிவியல் அடிப்படையை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக் கருதலாம் என்று எழுதியது.

இரண்டாவது மாற்றம் திட்டமிட்டு வந்தது. ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசக் கிராமங்களுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இவ்வளவுதான் பாடம். தாய்மாரைத் தாங்களே கலக்க வைத்து, வீடு வீடாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, கலவை சரியா என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

எழுத்தறியாத தாயின் விரல் அளவை நம்பலாமா என்று அன்று மருத்துவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது, உப்பு மிகுந்துபோனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆனால் பிராக் அந்த அச்சத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. தாய்மார் கலந்த கரைசலின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்து, அதற்கேற்பப் பாடத்தைத் திருத்தியது. ஆயத்தக் கலவைப் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) எட்டாத ஊரில் சிட்டிகைதான் வழி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எளிதாகக் கிடைக்கும் இன்று, அதையே உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுதாகக் கரைப்பதுதான் சரி. கரைசல் பேதியை நிறுத்தாதே, சுத்தமான குடிநீரும் கழிப்பறையும் ரோட்டா தடுப்பூசியும் அல்லவா தீர்வு என்பது இன்னொரு வாதம். நோயைத் தடுக்க அவை கட்டாயம் வேண்டும். ஆனால் குழாய் வரும்வரை இன்று நோயுற்ற குழந்தை காத்திருக்க முடியாது. கரைசலோடு தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடர வேண்டும். 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் துத்தநாக மாத்திரையையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது.

இன்னமும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். மருந்து கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பொட்டலத்தைக் கடையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு வங்கதேசம் பதில் சொல்லிவிட்டது: தாயின் அருகில் உட்கார்ந்து, அவள் கையாலேயே கலக்கவைத்து, திரும்பிவந்து கேட்கும் பொறுமையும் அந்த மருந்தில் ஒரு பாகம்.