டப்பாவில் இல்லாத பெயர்கள்

மார்கழி விடியலில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுவேன். மதுரைக் குளிர் பெரிய குளிர் இல்லைதான். ஆனாலும் எதிர்க்காத்து பட்டுப் பட்டு கன்னம் திகுதிகுன்னு எரியும். அதனால் கிளம்பும் முன்பே, முகம் கழுவிய ஈரத்தோடு கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வேன்.

1859இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார் ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர். அங்கே பம்புத் தண்டுகளில் ஒரு மெழுகு அடைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்தது. தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே வழித்தெடுத்தார்கள். வெட்டுக்காயம், தீக்காயம் பட்டால் அதையே பூசிக்கொண்டார்கள். செஸ்ப்ரோ அதைச் சுத்திகரித்து, 1872இல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான்.

வாசலின் தோலுக்கு ஈரம் தருவதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் காற்றில் போய்விடாமல் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். பனிக்காலத்தில் அப்பத்தா என் முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஸ்கூலுக்கு அனுப்பியதும் இதே வேலைக்குத்தான். எண்ணெய் வழியுதுன்னு பசங்க சிரிப்பாங்களே என்று, தெருக்குழாயில் கழுவிவிட்டுப் போவேன். டப்பாவில் அடைத்து வந்த பிறகுதான் அதை அறிவியல் என்று நம்பினேன்.