காப்பிக் கடையும் குவளையும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுத எனக்கு விருப்பம் எழவில்லை. அவற்றை எழுதுவோர் பலர் உளர். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் ஒரு சிறிய இடத்தின் வரலாற்றை எழுதலாம் எனத் தோன்றிற்று. அதுவே காப்பிக் கடை. இந்நாளில் பன்னும் ரொட்டியும் கேக்கும் விற்கும் பேக்கரி அதனோடு சேர்ந்துகொண்டது. நம் கோவை மாவட்டத்தில் பேக்கரி என்றாலே தேநீர் அருந்தும் இடம் என்றுதான் பொருள். அங்கே காசு கொடுத்து ஒரு குவளை வாங்கி, அமர்ந்து அருந்திவிட்டு எழுந்து செல்லும் வாடிக்கையாளர் என்னும் நிலை நம்மவர்க்கு எவ்வாறு வாய்த்தது, எந்த அளவுக்கு வாய்த்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காப்பி நம் முன்னோர் அறிந்த பானமன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் நீலகிரி, வயநாடு, குடகு ஆகிய மலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற கூலி மக்கள், கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்தே மலையேறினர். வழியிலேயே மாண்டவர் பலர். அம்மக்களுள் பெருந்தொகையினர் தீண்டப்படாதார் எனப்பட்ட நம்மவரே. 1869இல் அங்கே இலைத்துரு நோய் தோன்றிக் காப்பித் தோட்டங்களை அழித்தது. பின்னர் அந்நிலத்தில் தேயிலை ஏறிற்று. அதைப் பறித்த கைகளும் அவைதாம். ஆக, காப்பியையும் தேயிலையையும் விளைவித்தவர்களுள் நாம் முதல் வரிசையில் இருந்தோம். அப்பானம் விற்கும் கடை தோன்றியபோதோ நமக்கு வரிசையே இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை முதலிய நகரங்களில் ‘காப்பி கிளப்’ என்னும் கடைகள் பெருகின. முன்பின் அறியாத மனிதர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து உண்பது அன்றைய சமுதாயத்திற்குப் புதிய அனுபவம். யார் சமைத்தது, அருகில் அமர்ந்திருப்பவர் யார் என்னும் கேள்விகள் எழாமல் இரா. அவற்றிற்கு விடையாகவே ‘பிராமணாள்’ என்னும் சொல் பெயர்ப்பலகைகளில் ஏறிற்று. பிராமணர் உண்ணத் தனியிடம், மற்றவர் உண்ண வேறிடம் என்று கடைக்குள்ளேயே தடுப்பு வைத்தனர். நம்மவர்க்கு அவ்விரண்டும் இல்லை. பஞ்சமரையும் நோயாளரையும் நாயையும் ஒரே வரியில் சேர்த்து, உள்ளே வரலாகாது என எழுதி வைத்த கடைகளும் இருந்தன. இரயில் நிலையங்களில்கூடப் பிராமணர்க்கும் இதரர்க்கும் உணவருந்தத் தனித்தனி இடங்கள் இருந்தன. தந்தை பெரியாரின் இயக்கம் விடாது எதிர்த்ததன் பின் 1941இல்தான் அம்முறை நீங்கிற்று.

இனி, குவளையின் கதைக்கு வருவோம். பித்தளை டம்ளரை அண்ணாந்து பருகலாம், உதடு படாது, எச்சில் என்னும் அச்சம் குறைவு. தேநீருடன் வந்த கண்ணாடிக் கிளாசை அவ்வாறு பருக இயலாது. உதடு பட்டாக வேண்டும். பட்டதை ஒருவர் கழுவியாக வேண்டும். நம்மவர் உதடு பட்டதைக் கழுவுவது யார் என்பதே கிராமத்துத் தேநீர்க் கடைக்காரர் முன் நின்ற கேள்வி. அதற்கு அவர் கண்ட வழிதான் தனிக் குவளை. தொடக்கத்தில் சிரட்டை; பின்னர் அலுமினியக் குவளை; அதன்பின் கண்ணாடியே ஆயினும் கூரையின் இறவாணத்தில் தனியே செருகி வைத்த கண்ணாடி. நம்மவர் அதைத் தாமே எடுத்து, நீர் ஊற்றி அலம்பி, கையில் ஏந்தி நிற்பர். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். பெஞ்சு காலியாக இருப்பினும் தரையில் குந்திப் பருகி, மீண்டும் கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுக் காசைத் திண்ணையில் வைத்துச் செல்ல வேண்டும். விலையில் மட்டும் வேறுபாடு கிடையாது. இரட்டைக் குவளை என்று இதனை எழுதிவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களுக்குள் அந்தக் குந்தலும் கழுவலும் அடங்கவில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் இதனைக் காணாமல் இல்லை. 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்பு விதி ஏற்கப்பட்டது. அதே நாளில் கடைகளையும் உணவு விடுதிகளையும் எவருக்கும் மறுக்கலாகாது என்னும் விதியும் விவாதத்திற்கு வந்தது. கடை என்னும் சொல்லின் எல்லை யாது என ஓர் உறுப்பினர் வினவ, தம் சேவையை நாடி வரும் எவருக்கும் அதனை அளிக்க ஒருவர் முன்வந்து அமர்ந்திருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்னும் கருத்துப்பட டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். வாடிக்கையாளர் என்பவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் நான்காம் பிரிவு இன்னும் நுணுகிச் சென்றது. கடைக்குள் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்று, உணவு விடுதியில் பொதுமக்களுக்கென வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பதும் குற்றம் என்றது. நாட்டின் நாடாளுமன்றம் டம்ளரைப் பற்றியும் சட்டம் இயற்ற நேர்ந்தது! எனினும் அச்சட்டத்தில் இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ள வழியிருந்தது. நிலமும் கூலியும் ஒரு தரப்பின் கையில் இருக்கையில் சமரசம் எப்படி முடியும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1976இல் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியபோது அவ்வழி அடைபட்டது. ஒரு மாதத்திற்குக் குறையாத சிறை என்பதும் சேர்ந்தது.

இடையில் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றனர். அடுத்த ஆண்டு அச்சொல் பலகையிலிருந்து நீங்கிற்று. அது பெரிய நிகழ்ச்சியே, ஐயமில்லை. ஆயினும் நகரத்துப் பலகை மாறியது போலக் கிராமத்துக் கிளாஸ் மாறவில்லை என்பதையும் எழுதாமல் இருத்தல் நேர்மையாகாது. கிராமத்துக் கடைகளை நடத்தியவர் பெரும்பாலும் பிராமணர் அல்லர்.

1981 சூன் மாதத்தில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க என் தந்தையார் பொள்ளாச்சிக்கு அழைத்துச் சென்றார். பேருந்து நிலையத்தருகே ஒரு சிறு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பன் அடுக்கியிருந்தது. இரண்டு தேநீரும் எனக்கு ஒரு பன்னும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் என்னருகே அமர்ந்தார். அவர் பெஞ்சில் அமர்ந்து தேநீர் பருகியதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன். எங்களை எவர் என்று அங்கு ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அவர் பார்வை வாசலிலேயே இருந்தது. எங்கள் ஊரார் எவரேனும் வந்துவிட்டால் மறுநாள் வேலைக்குப் போகும் களத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று. பாதித் தேநீரிலேயே எழுந்தார். எழுந்தவர் பழக்கத்தால் இரண்டு கிளாசுகளையும் எடுத்துத் தொட்டியருகே கழுவத் தொடங்கினார். கடைப் பையன் சிரித்துக்கொண்டே, “ஏனுங்க, நாங்க கழுவ மாட்டமா?” என்றான். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1996இல், வேறொரு வட்டத்தில் பட்டதாரி ஆசிரியராகப் பணியேற்றேன். முதல் நாள் பள்ளியெதிர்க் கடையில் பெஞ்சைத் துடைத்து அமரச் சொல்லி, எவர்சில்வர் டம்ளரில் காப்பி தந்தார் கடைக்காரர். “சாருக்கு எந்த ஊருங்க?” என்றார், சொன்னேன். “ஊருக்குள்ளயா, வெளியயா?” என்றார், அதையும் சொன்னேன். மறுநாள் அதே பெஞ்சு, அதே ‘சார்’, காப்பி மட்டும் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. “இது சுத்தமா இருக்குமுங்க சார்” என்றார். என் அருகில் இருந்த உதவியாசிரியர் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. நான்காம் பிரிவு எனக்கு மனப்பாடம். காவல் நிலையம் இரண்டு கல் தொலைவில் இருந்தது. நான் அந்தக் கப்பில் பருகிவிட்டு வகுப்புக்குப் போனேன். அவ்வூரில் இருந்த மூன்றாண்டுகளும் அப்படியே பருகினேன். வகுப்பில் அடிப்படை உரிமைகளைப் பாடம் நடத்தினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். மாணவர் படிக்கும் மலர் என்பதாலேயே எழுதுகிறேன்.

அக்கப் வசதியானதாகிவிட்டது. அதில் கழுவும் கேள்வி எழாது. குற்றம் என நிறுவுவதும் எளிதன்று. எல்லோர்க்கும் கப் என்றால் எவரும் குறை சொல்ல முடியாது. கேட்டவர்க்கு மட்டும் கிளாஸ் என்றால், கேட்பவர் யார், கேளாதவர் யார் என்பது அவ்வூரார்க்குத் தெரியும். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகள் தடை செய்யப்பட்டபோது, சுற்றுச்சூழலுக்காக மகிழ்ந்தவர் பலர். நான் மகிழ்ந்தது வேறொன்றுக்காக. பேக்கரிகள் பெருகியதும் ஒரு வகையில் நமக்கு நன்மையே செய்தது என்பேன். பப்சையும் பன்னையும் எல்லோர்க்கும் ஒரே செய்தித்தாள் துண்டில்தானே வைத்துத் தருகின்றனர்!

நம் கழகத்தின் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவர் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் சில ஆண்டுகளாகப் பேக்கரி நடத்திவருகிறார். கடைக்குக் கண்ணாடிக் கிளாஸ் மட்டுமே வாங்கினார். எல்லாக் கிளாசும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் கழுவப்படுகின்றன. தொடக்கத்தில் ஊருக்குள்ளிருந்து வந்தவர் சிலரே. அவரும் பொட்டலம் கட்டிய பிஸ்கட்டும் ரொட்டியும் வாங்கிச் சென்றனரேயன்றித் தேநீர் கேட்கவில்லை. தேங்காய்ப் பன் நன்றாக இருந்ததால் பள்ளிப் பிள்ளைகள் முதலில் வந்தனர். பிறகு பேருந்துக்குக் காத்திருப்போர் வந்தனர். இப்போது காலை வேளையில் பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. இன்னும் வராதவரும் உளர். அவர் சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போவதைத் தம்பி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என் தந்தையார்க்கு எண்பது வயது கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அங்கு அழைத்துச் செல்வேன். பெஞ்சில் நடுவே அமர்ந்து, அவசரமின்றி முழுத் தேநீரையும் பருகுவார். பருகி முடித்ததும் கிளாசை எடுத்துக்கொண்டு எழுவார். “வெச்சிடுங்க அப்பாரு, நாங்க கழுவிக்கறோம்” என்று தம்பி ஒவ்வொரு முறையும் சொல்வார். அவர் கேட்பதில்லை. தொட்டி வரை நடந்து, இரண்டு முறை அலம்பி, மற்றக் கிளாசுகளோடு கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வருகிறார்.